ஐந்தாம் நாளின் கல்

"நான் அவர்களைத் திரும்பி வரச் சொன்ன அன்று, மலைக்குள் நெருப்பு ஏறத் தொடங்கியிருந்ததா டீச்சர்?"

கேட்டவர் சூசைநாதர். அந்தத் தீவின் எரிமலையைக் கண்காணிக்கும் காவலராக இருந்தவர். புகை அடங்கியதும், தேயிலைத் தோட்டத்து மக்களிடம் வீடு திரும்பலாம் என்று சொன்னவர்.

ஐந்தாம் நாள் மலை வெடித்தது. நாற்பத்தொரு பேர். அவர் மகள் ஜெபமாலையும் அதில் ஒருத்தி.

பிழைத்தவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டீச்சர் பூரணி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். கற்களைப் படிக்கத் தெரிந்தவள்.

"எனக்குத் தெரியாது ஐயா. கல்லுக்குத் தெரியும்."

தன் கல் ஆய்வுக்கூடத்தில் அவரை மாணவராகச் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கற்பித்தாள். எரிமலைக் கல்லுக்குள் இருக்கும் படிகங்கள் ஆழத்திலேயே வளர்ந்தவை, மரத்தைப் போல வளையம் வளையமாக. அடியிலிருந்து புது நெருப்புக் குழம்பு ஏறி வந்தால் கடைசி வளையம் மாறிவிடும். அதை அளந்தால், வெடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு அது ஏறியது என்று தெரியும்.

ஐந்து நாளுக்குக் குறைவென்றால், அவர் சொன்னபோது மலை தூங்கிக்கொண்டிருந்தது.

கூடுதலென்றால் என்னவென்று அவர் ஒருநாளும் சொல்லி முடித்ததில்லை.

மகள் வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு நெருப்பாக விழுந்த கல்லை அவரே எடுத்து வந்திருந்தார். டீச்சர் அதில் ஒரு சீவல் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தாள். வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும்.

"தலைமுடியில் பாதிக் கனம். அதோடு நிறுத்திவிடுங்கள்."

அவர் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்தார். யார் கல்யாணத்துக்கு இவ்வளவு சந்தனம் என்று பக்கத்து மேசைப் பெண் கேலி செய்தாள். அவர் சிரித்துவைத்தார்.

நண்பகலில் கல் தேன் நிறமானது. பிறகு வெளிறியது. படிகங்கள் தெரிந்தன.

அவர் கை நிற்கவில்லை.

டீச்சர் பார்த்தாள். தடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் தகட்டைத் தூக்கிக் காட்டினார். வெறும் கண்ணாடி.

"கை தவறிவிட்டது டீச்சர்."

அவள் தகட்டை வாங்கிக் கழுவித் துடைத்தாள். மீதிக் கல்லை ரம்பத்தில் வைத்து இன்னொரு சீவல் அறுத்தாள். ஒட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

"இதுவும் தவறிப் போகலாம்" என்றார் அவர்.

"போகட்டும் ஐயா. மலை முழுக்க இதே கல்தான்."