பூப்பந்துக்கு எத்தனை மார்க்

எங்கள் கல்லூரியில் ஞானசிகாமணி மாஸ்டரிடம் விளையாடக் கற்றவர்கள், ஐம்பது வயது தாண்டியும் அவரிடம்தான் போய் நியாயம் கேட்பார்கள். அவர் யாருக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. அது தெரிந்தும் போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேர்மக்கனியை என் வண்டியில் ஏற்றி அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கனி முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் பூப்பந்து கேப்டன். எனக்கு எந்த ஆட்டமும் தெரியாது. கிரிக்கெட் நடந்தால் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கல்லூரிக்கு நூறாண்டு. புது அரங்கத்தின் வாசலில் ஒரே ஒரு அணியின் படத்தை மாட்டலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். எந்த அணி என்று பழைய மாணவர்கள் அடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு பட்டியல் போட்டோம். ஒவ்வொரு கோப்பைக்கும் மார்க். கிரிக்கெட், கால்பந்து என்றால் பத்து. மற்றதெல்லாம் சின்ன ஆட்டம், இரண்டு. ஆட்சேபம் இருந்தால் அன்று மாலைக்குள் தெரிவிக்க வேண்டும்.

மாஸ்டர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது, கை மட்டும் நடுங்கவில்லை.

“ஒரே ஒரு தடவை ஜெயிச்ச கிரிக்கெட்டுக்குப் பத்து மாஸ்டர். மூணு வருஷம் வரிசையா ஜெயிச்ச எங்களுக்கு ஆறு” என்றான் கனி.

“ஏன் அப்படிப் போட்டானுவ?”

“யாரும் பார்க்க வராத ஆட்டத்துல ஜெயிச்சா என்ன, தோத்தா என்னன்னு கேக்கானுவ.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

ஜெயித்த கோப்பையில் நன்னாரி சர்பத் ஊற்றிக் குடிப்பது எங்கள் கல்லூரி வழக்கம். கிரிக்கெட் கோப்பை வந்த அன்று மூன்று விடுதியும் வரிசையில் நின்றது. எனக்கு ஒரு மடக்குதான் கிடைத்தது. அதன்பிறகு எத்தனையோ கடையில் சர்பத் குடித்துவிட்டேன், அந்த ருசி வரவில்லை.

“எங்க கப்புல பத்துப் பேரும் வயிறு முட்டக் குடிச்சோம். அப்பவும் பாதி மிச்சம்” என்றான் கனி. “யாராவது வருவாங்கன்னு அஞ்சு மணி வரைக்கும் கப்பைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன் மாஸ்டர்.”

அவன் நின்றதை நான் விடுதி மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கி வர இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வரவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“எங்க டீம் படத்துல இருக்கவங்கள்ல நாலு பேர் செத்துப் போயிட்டாங்க. அவங்க பிள்ளைங்க விழாவுக்கு வருது. வாசல்ல அப்பன் முகத்தைப் பார்க்கட்டுமே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்திருவாங்க.”

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார்.

“எல்லா ஆட்டத்துக்கும் நீயே மார்க் போடு. கீழே நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

கனி முகம் மலர்ந்துவிட்டது. மடமடவென்று எழுதினான். கிரிக்கெட் பத்து, கால்பந்து பத்து, பூப்பந்து பத்து. கைப்பந்துக்கும் கபடிக்கும் தாராளமாக எட்டு எட்டு. கோ-கோவுக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து இரண்டு போட்டான்.

மாஸ்டர் வாங்கிப் படித்தார்.

“கோ-கோவுக்கு ரெண்டா?”

“அதை யாரு மாஸ்டர் பார்த்தா?”

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

“இசக்கிமுத்து ஞாபகம் இருக்கா?” என்றார் மாஸ்டர்.

“எங்க கிளாஸ்தான். ஒல்லியா, கடைசி பெஞ்சுல இருப்பான்.”

“கோ-கோ கேப்டன். நீ மூணாவது கப் வாங்கினியே, அதே வாரம் வியாழக்கிழமை அவனுக்கு ஃபைனல். நம்ம மைதானத்துலயே நடந்தது. ஜெயிச்சான்.”

“வியாழக்கிழமையா? அன்னைக்குக் கிரிக்கெட் செமி ஃபைனல் இல்லையா மாஸ்டர்? மணிக்கூண்டு பக்கத்து மைதானத்துல. கடைசி ஓவர்ல ரெண்டு சிக்ஸர். நான் கத்தின கத்துல நாலு நாள் குரலே வரல.”

அந்த சிக்ஸர்களை நானும் பார்த்தேன். சொல்லும்போது கனிக்கு இருபது வயது ஆகிவிட்டது. பிறகு மெதுவாக முகம் மாறியது.

“நீங்களாவது இசக்கிமுத்து கூட இருந்தீங்களா மாஸ்டர்?”

“உனக்கு ரெண்டு வரிசை பின்னாலதான் உக்காந்திருந்தேன்.”

கனி தாளை வாங்கினான். பூப்பந்துக்குப் போட்டிருந்த பத்தை அடித்தான். கோ-கோவுக்குப் போட்டிருந்த இரண்டையும் அடித்தான். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

“கோ-கோவுக்கு எத்தனை போடணும் மாஸ்டர்?”

“அதை அன்னைக்கே போட்டுட்டோம்டே, நீயும் நானும்.”