பாதி பிளேடு

"தப்பாச் சொல்லிருவனோன்னு பயமா இருக்கு மாஸ்டர். அதான் எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

ஜெசிந்தா அளவு நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள். அடித்தும் திருத்தியும் எழுதிய தாள்.

லிகோரி வாங்கவில்லை. அவர் கையில் ஒரு அறுந்த மைக் வயர் இருந்தது.

"வாயால சொல்லுங்கக்கா."

"வீட்டுலயே கிதார் வாசிச்சுப் பதியணும். கம்மிச் செலவுல. யூனிபார்ம் தைச்ச காசு கொஞ்சம் வச்சிருக்கேன். எந்த மைக் வாங்கணும்?"

தூத்துக்குடியில் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடுகிறவர் லிகோரி. வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையில் பாட்டும் பதிவு செய்வார். ஜெசிந்தாவைவிடப் பதினாறு வயது சின்னவர். ஆனாலும் தெருவுக்கே அவர் மாஸ்டர்தான். ஜெசிந்தா தையல்காரி. நாற்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே கிதார் பழகியவள்.

"எதுக்குப் பதியணும்?" என்றார் லிகோரி.

அவள் இடது கையை விரித்துக் காட்டினாள். விரல் முட்டுகள் கொட்டைப்பாக்குபோல வீங்கியிருந்தன.

"முடக்குவாதமாம். மாத்திரைக்கு இதுக்கு மேல கேக்காதுன்னுட்டாரு டாக்டர். அடுத்த வருஷம் இந்த விரலு கம்பிய அமுக்காதாம். எங்கிட்ட பன்னெண்டு மெட்டு இருக்கு மாஸ்டர். எல்லாம் நானாப் போட்டது. எழுதிவைக்கவும் தெரியாது. கையோட போயிரும்லா."

லிகோரி வயரைக் கீழே வைத்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "ஒண்ணும் வாங்காதிய. வாசிக்கப் போற ரூம்ல நின்னு ஒரே ஒரு தடவ கையத் தட்டுங்க. என்ன கேக்குன்னு வந்து சொல்லுங்க."

அவள் போனாள். தட்டினாள். மறுநாளே வந்தாள்.

"உப்பு லாரி ஆரன் கேக்கு. காக்கா கேக்கு. பக்கத்து வீட்டுக் குக்கர் கேக்கு."

"அதையா கேட்டேன்?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போனாள்.

போகிற வழியெல்லாம் யோசனை. வீடு மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சத்தம் ஜாஸ்தி. சத்தத்தை நிறுத்த வேண்டும்.

முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று யாரோ சொன்னார்கள். கடை கடையாக அலைந்து முட்டை அட்டை சேர்த்தாள். தையல் அறையில் சுவரோரம் அடுக்கியிருந்த துணி மூட்டைகளையெல்லாம் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு இழுத்துப் போட்டாள். கொடியில் தொங்கிய சேலைகளையும் பாவாடைகளையும் கழற்றினாள். சுவர் காலியானது. அட்டையை ஒட்டினாள். ஒரு வரிசை கோணிவிட்டது. பிய்த்துவிட்டு மறுபடியும் ஒட்டினாள்.

பக்கத்து வீட்டு அசுந்தா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, கோழிப்பண்ணையா வைக்கப் போற?"

"ஸ்டுடியோடி."

"வைச்சிட்டாலும்! ஒரு ஜாக்கெட்டயே நாலு தடவ பிரிச்சுத் தைக்கிற ஆளு நீ. ஒன் பாட்டு வெளிய வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஜெசிந்தா தைக்கிறதைவிடப் பிரிக்கிறதுதான் அதிகம். மெஷின் டிராயரில் பாதியாக உடைத்த பிளேடு ஒன்று எப்போதும் கிடக்கும். தையல் ஒரு நூல் அளவு விலகினாலும் போதும். பிளேடு வந்துவிடும்.

அட்டை ஒட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் நடுவிரலும் விறைக்கத் தொடங்கிவிட்டது.

அவள் ஓடினாள்.

"மாஸ்டர், ரூம் ரெடி. நீங்க ஒரு நட வந்து பாக்கணும்."

லிகோரி வந்தார். ஒரு சின்ன ரெக்கார்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அறைக்கு நடுவில் நின்றார். நான்கு சுவரையும் பார்த்தார்.

ஒரு தடவை கையைத் தட்டினார்.

தட்டிய கை நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. வெறும் குடத்துக்குள் காசு விழுந்ததுபோல் சுவருக்குச் சுவர் ஓடி ஓய்ந்தது.

"இப்ப என்ன கேக்கு?"

"ஐயோ," என்றாள் ஜெசிந்தா. "ரூமே பேசுது."

"ம்."

"முட்டை அட்டை ஒட்டுனா சரியாயிரும்னாங்களே!"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

லிகோரி கேட்டார்: "இங்க இருந்த துணியெல்லாம் எங்கக்கா?"

அவள் கொட்டகையைக் காட்டினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் தூக்கிவந்து பழையபடி சுவரோரம் அடுக்கினார். சேலைகளைக் கொடியில் போட்டார். அவள் பதறிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

"மாஸ்டர், அழுக்காயிரும். நீங்க வைங்க, நான் தூக்குதேன். அது கல்யாணச் சேல, பாத்து."

எல்லாம் வந்து சேர்ந்ததும் அவர் மறுபடியும் கையைத் தட்டினார்.

சத்தம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. மணலில் விழுந்த கல்லைப்போல.

ஜெசிந்தா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வாரம் மாஸ்டர்," என்றாள். "மூணு வாரம்."

லிகோரி சட்டைப் பையில் கைவிட்டார். ரெக்கார்டரை முக்காலிமேல் வைத்தார். கிதாரின் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"ஓட்டைக்கு நேரா வைக்கணும்லா?"

"அங்க வச்சா உறுமும். வாசிங்க."

வாசித்தாள். மூன்றாம் அடியில் நடுவிரல் நழுவியது. ஒரு சுரம் செத்து விழுந்தது. சட்டென்று நிறுத்தினாள்.

"அழிங்க மாஸ்டர். முதல்ல இருந்து வாரேன்."

அவர் அழிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி பதிஞ்சிருக்கியளா?"

"போன்ல பதிஞ்சிருக்கேன். ஒரு நாப்பது தடவ இருக்கும்."

"போடுங்க. கேப்போம்."

"இல்ல. அழிச்சிட்டேன்."

"நாப்பதையுமா?"

"தப்பு இருந்துச்சுல்லா."

லிகோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. வயிறு புடைத்த பை.

"இதுல என்ன?"

"வெட்டுத்துணி."

அவர் பையை இறக்கி அவிழ்த்தார். விரல் அகலத்தில், உள்ளங்கை அகலத்தில், நூலோடு, பிசிறோடு, கோணலும் மாணலுமாகத் துண்டுகள்.

"இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கிய?"

"அதெப்படித் தூரப் போட முடியும்? யாருக்காவது கிழிஞ்சா ஒட்டுப் போட ஆகும். பிள்ளைக்குக் குல்லா ஆகும். போன மாசம்கூட, பன்னெண்டு வருசத்துக்கு முன்னால தைச்ச ஜாக்கெட்டுக்கு அதே துணி இந்தப் பையிலதான் கிடைச்சுது. அந்தம்மா அழுதுட்டாவ."

"கோணலா இருக்கே."

"இருந்தா என்ன? துணிதானே."

"எத்தன வருசத்துப் பை?"

"பதினெட்டு."

"ஒண்ணக்கூடப் போடலையா?"

"ஒண்ணக்கூட."

லிகோரி பையை முடிச்சிட்டு அவள் மடியில் வைத்தார். தையல் மெஷின்மேல் கிடந்த அவளுடைய போனை எடுத்தார். பதிவுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பைமேல் வைத்தார்.

திரை வெள்ளையாக இருந்தது. ஒன்றுமில்லை.

ஜெசிந்தா பையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் பையைப் பார்த்தாள்.

தெருவில் உப்பு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"அதுல ஒண்ணு," என்றாள். "சித்திர மாசம் பதிஞ்சது. கடைசியில ஒரே ஒரு இடம்தான் தப்பு. அப்ப இந்த விரலு மடங்கும் மாஸ்டர்."

லிகோரி குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கிதாரை எடுத்தாள்.

"ரெக்கார்டர அமுக்குங்க மாஸ்டர்."

முதல் மெட்டில் விரல் இரண்டு இடத்தில் நழுவியது. நிறுத்தவில்லை. மூன்றாவது மெட்டுக்கு நடுவில் அசுந்தா வீட்டுக் குக்கர் கூவியது. நிறுத்தவில்லை. ஒவ்வொரு மெட்டுக்கும் இடையில் வெந்நீரில் கையை முக்கி எடுத்தாள். ஆறாவது மெட்டில் நடுவிரல் மடங்கவே மாட்டேன் என்றது. அந்த விரலை விட்டுவிட்டு மற்ற மூன்றை வைத்து வாசித்தாள். மெட்டு கொஞ்சம் மாறியது. அவள் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே தொடர்ந்தாள்.

கோயிலில் மாலை மணி அடிக்கும்போது பன்னிரண்டாவது முடிந்தது.

லிகோரி ரெக்கார்டரிலிருந்து மெமரி கார்டைக் கழற்றினார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது.

"கேக்கியளா?"

அவள் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது.

"வேண்டாம். கேட்டா அழிச்சிருவேன்."

"அப்ப நான் கொண்டு போறேன்."

"ஐயோ, வழியில தொலைஞ்சுட்டா?"

அவள் வெட்டுத்துணிப் பையை அவிழ்த்துத் துழாவினாள். ஒரு சிவப்பு வெல்வெட்டுத் துண்டை எடுத்தாள். கார்டை நடுவில் வைத்து மடித்து, மெஷினில் கொடுத்து நான்கு பக்கமும் இரட்டைத் தையல் போட்டாள். ஒரு பக்கம் கோணிவிட்டது. அந்தக் கோணலை உற்றுப் பார்த்தாள். வலது கை டிராயரைத் திறந்தது. பிளேடை எடுத்தது.

லிகோரி பிளேடைப் பார்த்தார்.

அவள் அளவு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். பிளேடை அதில் சுற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கார்டு இங்கயே கிடக்கட்டும். நீங்க இதக் கொண்டு போங்க."

"கத்தரி இருக்கேக்கா?"

அவள் திரும்பிக் கத்தரிக்கோலைப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்குத் தைக்கணுமே?"

"காலையில நானே வந்து வாங்கிக்கிடுதேன்," என்றாள் ஜெசிந்தா. "ராத்திரி மட்டும் ஒங்ககிட்ட இருக்கட்டும் தம்பி."