தப்பு என்று சொல்ல ஓர் ஆள்

இது நேரில் பார்த்ததல்ல. அந்த மடத்துக்குப் போய்வந்த ஒருவர் சொல்லிக் கேட்டது.

மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன நாடு. அங்கே அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள், வேட்பாளர்கள் இருவரும் மடத்து மைதானத்தில் மேடையேறி விவாதிப்பார்கள். கேள்வி கேட்பது மடத்துச் சீடர் ஒருவரின் வேலை. வீடு தேடி வருகிற விருந்தாளியைத் திகைக்க வைக்கக் கூடாது என்று, கேள்விகளை முன்கூட்டியே இருவருக்கும் அனுப்பிவிடுவது மடத்து வழக்கம்.

அந்த வருஷம் பொறுப்பு முத்தரசுக்கு வந்தது. அவர் ஓய்வு பெற்ற தாசில்தார். குரு அவரைவிட இருபது வயது இளைய பெண். வேலையில் இருந்தவரை மேலதிகாரி எது சொன்னாலும் "ஆகட்டும் ஐயா" என்றவர், பத்து வருஷத்துக்கு முன் மடத்துக்கு வந்த நாளிலிருந்து "ஆகட்டும் அம்மா" என்றார். அவ்வளவுதான் மாற்றம்.

விவாதம் தொடங்கியது. சாலை பற்றிக் கேட்டார், பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார். இருவரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஒரு வேட்பாளர் பரஞ்சோதி. அவர் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். எதிர் வேட்பாளர் தில்லைநாயகி, கேள்வி வருவதற்குள் அதற்கான பதிலைத் தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜனங்கள் கொட்டாவி விட்டபடி எழுந்து நடந்தார்கள்.

இடைவேளையில் முத்தரசு குருவிடம் போனார். நாளைக்கு ஓட்டு, ஆள் எப்படிப்பட்டவர் என்றே தெரியாமல் போடப்போகிறார்களே, இனி என்ன கேட்பது என்று புலம்பினார்.

"எழுந்து போகிறவர்களிடம் விசாரியுங்கள்" என்றார் குரு.

வாசலில் அவரைச் சும்மா விடவில்லை. பரீட்சைக்கு முன்பே வினாத்தாளைக் கொடுத்த வாத்தியார் இவர்தான் என்று ஒருவர் கையைக் காட்டினார். பூக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் நின்று சொன்னாள்:

"இவங்க தப்பு செஞ்சா, மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்ல ஒரு ஆளு கூட இருக்கா? அதைக் கேளுங்க, நான் இருந்து கேட்டுட்டுப் போறேன்."

முத்தரசு திரும்பி வந்து குருவிடம் சொன்னார். "அம்மா, நாளைக்கு இவர்களில் ஒருவர் அதிபர். இதைக் கேட்டால் கோபம் வரும். மடத்துக்குத்தான் ஆபத்து."

"அந்தப் பெண் போய்விட்டாளா?"

"இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்."

குரு மேடையைக் கைகாட்டினார்.

முத்தரசு மேடையேறினார். மைக்கைப் பிடித்தார். பூக்காரி சொன்னதை அப்படியே கேட்டுவிட்டார்.

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

பரஞ்சோதி சிரித்தார். "என் ஆட்கள் எல்லாருமே என்னிடம் தாராளமாகக் குறை..."

அவர் ஆட்கள் கைதட்டினார்கள். வாக்கியத்தை முடிக்கவே விடவில்லை. அவர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

தில்லைநாயகி எழுந்தார். "எங்கள் டிரைவர் சூசை சொல்வார்."

"இங்கே வந்திருக்கிறாரா?"

"இல்லை. வர வேண்டாம் என்றேன்."

"ஏன்?"

"வந்தால் ஏதாவது சொல்வார்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. தில்லைநாயகியும் சிரித்தார். பிறகு பரஞ்சோதியும். பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓட்டு என்று யாருக்கும் சொல்லாமல் கிளம்பினாள்.

கூட்டம் கலைந்த பிறகு முத்தரசு குருவின் எதிரே போய் நின்றார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. அந்தத் துணிச்சலிலேயே இன்னொன்றும் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு அப்படி ஓர் ஆள் யார்?"

"பத்து வருஷமாகக் காத்திருக்கிறேன்" என்றார் குரு, அவரைப் பார்த்து.

முத்தரசு தரையைப் பார்த்தார்.

"கேள்விகளை முன்கூட்டி அனுப்பியது தப்பு அம்மா."

"சரி. இனி அனுப்ப வேண்டாம். வேறு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் உட்காருங்கள். டீ போடச் சொல்கிறேன்."

இதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள மடத்துச் சமையல்காரரைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். மற்றது தனக்குத் தெரியாது, அன்றைக்கு டீத்தூள் தீர்ந்துபோனது நிஜம் என்றார்.