டைரக்டரிடம் நேராகக் கேட்டவள்

எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி டைரக்டர் தணிகாசலம் பெரிய மனிதர், அவரே சொல்லியிருக்கிறார். அவரிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது. செக்ரட்டரி ஸ்டெல்லாவிடம் சொன்னால், அந்த அம்மா நேரம் பார்த்துப் பதமாக எடுத்துச் சொல்லி, பதிலை நமக்குப் புரிகிற மாதிரி வாங்கி வருவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலை, புதிதாகச் சேர்ந்த பூங்கோதை மேல் பாய்ந்தார். பஸ் நேரம் கேட்டால் பதில் தரும் ஏபிஐ என்ற கணினிச் சேவையிடம் பேச, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலான லைப்ரரி ஒன்றை அவள் நடுவில் வைத்திருந்தாள். "ஏபிஐகிட்ட பஸ் நேரம் கேட்டு வாங்க ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எதுக்கும்மா? நடுவுல ஆள் வெச்சுப் பேசுறவன் சோம்பேறி! எல்லாத்தையும் நீயே நேரா எழுது. சாயந்திரத்துக்குள்ள முடியலன்னா வேலையை விட்டுப் போ!"

"சரிங்க சார்" என்றாள் பூங்கோதை.

மதியம் டைரக்டர் வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பூங்கோதை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "சார், நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

தணிகாசலம் கொதித்தார். "ஸ்டெல்லா எதுக்கு இருக்கா? அவகிட்ட சொல்லத் தெரியாதா?"

"நடுவுல ஆள் வெச்சா சோம்பேறின்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அந்த ஏபிஐக்கு இந்த லைப்ரரிதான் சார் ஸ்டெல்லா மேடம். ஆனா ஒண்ணு, தப்பாக் கேட்டாலும் ஏபிஐ என்ன தப்புன்னு சொல்லும். கத்தாது."

வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள்.

சாயந்திரம் லைப்ரரிக்கு அனுமதி வந்தது. ஸ்டெல்லாதான் வந்து சொன்னார்.