மண்வெட்டி விழ ஓர் இடம்

எறும்புதின்னியின் மண்வெட்டி மறுபடியும் தப்பி விழுந்தது. இந்த முறை அதன் வால் நுனியில். ஒரு செதில் பெயர்ந்து மண்ணில் கிடந்தது. எறும்புதின்னி அதைப் பார்த்தது. குனிந்து எடுக்கத் தெம்பில்லை. மண்வெட்டியைத் திரும்பத் தூக்கியது.

அதன் பின்னால் நின்று குரங்கு ஜெம்பே வாசித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட கைமுரசு. அதன் தோல் யாருடையது என்று அந்தக் காட்டில் யாரும் கேட்பதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிக் காடு அது. முதல் மழைக்கு முன்னால் அங்குள்ள விலங்குகள் ஒன்றுகூடி, நாளுக்கு ஒருவர் நிலம் என்று கொத்திப் போடும். முரசுகளும் கூடவே வரும். காட்டெருமை பெரிய முரசை அடிக்கும். ஆமை இரும்பு மணியைத் தட்டும். இந்த இரண்டும் காலையில் பிடித்த தாளத்தை மாலைவரை மாற்றுவதில்லை. ஜெம்பே மட்டும் அந்தத் தாளத்துக்குள் தன் இஷ்டம்போல் போகலாம், வரலாம். ஆனால் யார் பின்தங்குகிறாரோ அவர் அருகில் நின்று வாசிக்க வேண்டும். கடைசி ஆள் வரப்பைத் தொட்டதும் ஏழு அடி அடித்து முடித்துவைக்க வேண்டும்.

அந்த ஏழு அடி விழும்வரை யாரும் மண்வெட்டியைக் கீழே போடக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரே போட்டுவிட்டால், போதும் என்று அர்த்தம். எல்லோரும் கிளம்பிவிடலாம்.

அன்று பத்தாவது நாள். எறும்புதின்னியின் நிலம்தான் கடைசி. ஒன்பது நாள் மற்றவர் நிலங்களைக் கொத்திவிட்டு அது தன் நிலத்துக்கு வந்திருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கிவிட்டால் அவரவர் விதைக்கப் போய்விடுவார்கள். பிறகு யாரும் திரும்பி வரப்போவதில்லை. போன வருஷமும் எறும்புதின்னியின் நிலம் கடைசியாகத்தான் வந்தது. பாதியில் நின்றது. அந்த வருஷம் அது கம்பு விதைக்கவில்லை. கம்பு தின்னவும் இல்லை.

மற்றவர்கள் தங்கள் வரிசையை முடித்துவிட்டு, மண்வெட்டிக் காம்பில் சாய்ந்தபடி வரப்பில் நின்றார்கள். எறும்புதின்னியின் வரிசை மட்டும் பாக்கி. ஒருவர் வரிசையில் இன்னொருவர் இறங்குவது அங்கே வழக்கமில்லை. அது முகத்துக்கு நேரே கிழம் என்று சொன்னதற்குச் சமம்.

“அக்கா, வாலையும் சேர்த்துக் கொத்தி விதைக்கப் போறியா?” என்று காட்டுப்பன்றி கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. கேட்ட பன்றிக்கே சிரிக்கத் தெம்பில்லை.

குரங்கு மட்டும்தான் வேகமாக இருந்தது. காரணம் உற்சாகம் இல்லை, சலிப்பு. பத்து நாளாக ஒரே தாளம். ஒரே மணி. காட்டெருமை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே அடித்தது. தூக்கத்திலும் ஓர் அடி பிசகவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கக் குரங்குக்கு எரிச்சலாக வந்தது. ஐந்தாம் நாள் அது வாசிப்பைப் பின்னத் தொடங்கியது. ஏழாம் நாள் பின்னலுக்குள் பின்னல். இப்போது மணியின் இரண்டு தட்டுக்கு நடுவில் பதினொரு அடி வைத்தது. ஒரு மயிரிழைகூடக் காலியாக விடவில்லை. வேலிப்பக்கம் விதைக்கூடைகளோடு காத்திருந்த கினிக்கோழிகள் ஒவ்வொரு பின்னலுக்கும் கொக்கரித்தன. இப்படி ஒரு கையைப் பார்த்ததே இல்லை என்றன. குரங்கு மெல்லமெல்ல அவற்றின் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டது.

ஆமை இரண்டு முறை தொண்டையைச் செருமியது. குரங்கு கவனிக்கவில்லை.

எறும்புதின்னி மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அப்படியே நின்றது. இறக்கவில்லை.

“தம்பி,” என்றது.

குரங்கு வாசித்துக்கொண்டே, “சொல்லுக்கா,” என்றது.

“இது எங்கே விழணும்?”

“எது?”

“மண்வெட்டி. காலையில மணியைக் கேட்டுத் தூக்கினேன், பெரிய முரசைக் கேட்டுப் போட்டேன். இப்ப ரெண்டும் கேட்கல. உன் அடிதான் கேட்குது. எங்க போட்டாலும் அதுமேலதான் விழுது.”

“தாளம் அங்கேயேதான்க்கா இருக்கு. தேடிப் பிடிச்சுக்கணும்.”

கினிக்கோழிகள் இதற்கும் கொக்கரித்தன. மண்வெட்டி இறங்கியது. கல்லில் பட்டுத் திரும்பியது. இன்னும் இருபது கொத்து பாக்கி. அதன் முன்னங்கால்கள் நடுங்குவது வரப்பில் நின்றவர்களுக்கே தெரிந்தது. போட்டுவிடப் போகிறது என்று மான் மெதுவாகச் சொன்னது. அதன் குரலில் வருத்தமும் இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதியும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் குரங்கின் வலது கை வெடித்தது. பத்து நாளில் தடித்துப்போயிருந்த விரல் நுனித் தோல் பிளந்து, ஜெம்பேயின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. குரங்கு பல்லைக் கடித்தது. பதினொன்று அடிக்கப் பார்த்தது, ஐந்துதான் வந்தது. அடுத்த முறை மூன்று. பிறகு இடது கையால் இரண்டு, வலது கையால் ஒன்று. நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாக ஆமையின் மணி கேட்டது. பத்து நாளும் அது தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் குரங்குக்கு நினைவு வந்தது.

மானம் போயிற்று என்று குரங்கு தலையைக் குனிந்துகொண்டது. கினிக்கோழிகளைப் பார்க்க அதற்குக் கூசியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தது. தரையில் எறும்புதின்னியின் மண்வெட்டி இருந்தது.

அது உயர்ந்தது. குரங்கு ஒரு முறை அடித்தது, அதற்குமேல் முடியவில்லை. அந்த இடைவெளியில் மண்வெட்டி விழுந்தது. மண் பெயர்ந்தது.

மறுபடி உயர்ந்தது. குரங்கு இரண்டு அடித்தது. மண்வெட்டி விழுந்தது.

மூன்றாம் முறை குரங்கு வேண்டுமென்றே பொறுத்தது. மண்வெட்டி விழுந்த பிறகு அதற்குப் பதில் சொல்வதுபோல் இடது கையால் சின்னதாக ஒன்று வைத்தது. எறும்புதின்னியின் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் மண்வெட்டி தப்பவில்லை. இருபது, பதினெட்டானது. பதினைந்தானது. கினிக்கோழிகள் கொக்கரிக்கவில்லை, தங்களையறியாமல் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தன. காட்டெருமை கண்ணைத் திறந்தது.

எட்டுக் கொத்து இருக்கும்போது குரங்கு வலி தாளாமல் ஆமையிடம் குனிந்தது. “அண்ணே, முடிச்சுடட்டுமா? முடியலண்ணே.”

“என்னை ஏன் கேட்கிற?” என்றது ஆமை. “எனக்கும்தான் முடியல.”

குரங்கு எறும்புதின்னியைப் பார்த்தது. அதன் வாயோரம் நுரை காய்ந்திருந்தது. கண் வரப்பின் மேலேயே இருந்தது. குரங்கு முடிக்கவில்லை.

ஐந்து. மூன்று. ஒன்று.

எறும்புதின்னி வரப்பைத் தொட்டது. குரங்கு முடிப்பை எடுத்தது. ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு அடியும் வேறு யாருடைய கையாலோ அடிப்பதுபோல் வந்தது. ஆறாவது அடித்தது. எறும்புதின்னி கடைசிக் கட்டி ஒன்றை உடைக்க மண்வெட்டியைத் தூக்கியிருந்தது. குரங்கு ஏழாவதற்கு உயர்த்திய கையை உயரத்திலேயே நிறுத்தியது.

மண்வெட்டி விழுந்தது. மணி நின்றது. பெரிய முரசும் நின்றது.

“ஆறுதானே வந்துச்சு?” என்றது காட்டுப்பன்றி.

“ஏழு,” என்றது ஆமை.

பன்றி வாதாடவில்லை. மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பாராட்டு எதுவும் இல்லை. அவரவர் உடம்பைத் தூக்கிக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள். ஆமையின் கை மட்டும், மணியைக் கீழே வைத்த பிறகும், கொஞ்ச நேரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குரங்கு ஜெம்பேயைக் கழற்றி வெட்டவெளியில் வைத்துவிட்டுப் பெருக்கமரத்தின் அடியில் சாய்ந்தது. தோல் நனைந்தால் முரசு கெட்டுவிடும் என்று தினமும் அதை இலைபோட்டு மூடிவைக்கிற குரங்கு, அன்று மூடாமலே தூங்கிப்போனது.

அடுத்தவர் கை விழ இடம் விடாதவன் எவ்வளவு வாசித்தாலும் அது வெறும் சத்தம்தான்.

முதல் துளி விழுந்தது. விதைக்கூடையை இழுத்துக்கொண்டு வந்த எறும்புதின்னி வழியில் நின்றது. ஜெம்பேயை உருட்டிக்கொண்டுபோய், தோல் தரையைப் பார்க்கும்படி மரப்பொந்துக்குள் கவிழ்த்து வைத்தது. பிறகு விதைக்கப் போனது.