வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள்

சீடனாகச் சேர வந்த இடத்திலும் மருதையன் பேரம்தான் பேசினார்.

மழைக்காலம் முடியும்வரை மடத்தில் இருந்து பாருங்கள் என்றார் சாமி. தீபாவளிக்குள் முடித்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார் மருதையன். சாமி சிரிக்கவில்லை. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த விளக்குமாற்றை அவரிடம் நீட்டினார்.

சாமி மருதையனைவிட வயதில் சின்னவர். மலையடிவாரத்தில் ஓடு போட்ட சின்ன மடம், ஒரு பசுமாடு, அவ்வளவுதான் அவர் சொத்து. மருதையனுக்கோ துறையூர்ப் பக்கம் இரண்டு கிடங்கு இருந்தது. இடிக்கப்போகும் வீடுகளின் கதவு, நிலை, தூண், உத்திரம் எல்லாவற்றையும் வாங்கி விற்பவர். பழைய மரத்திலிருந்து ஆணி பிடுங்கும் கூலியாகத் தொடங்கி, அடி வாங்கி, ஏமாந்து, பிறகு ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டு, சொந்தமாக லாரி நிறுத்தும் அளவுக்கு வந்தவர். தொண்டை எப்போதும் ஒரு சுதி தூக்கலாகவே இருக்கும். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே கத்திவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி என்பது அவர் கணக்கு.

அப்படிப்பட்டவர் மடத்துக்கு வந்தது ஒரே ஒரு கேள்வியோடு.

அவர் வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் இருந்தது. செத்துப்போன அவர் மனைவி உட்கார்ந்து பூக் கட்டிய ஊஞ்சல். கதவு பார்க்க வந்த ஒருவன் அதைப் பார்த்து ஆசைப்பட்டு நல்ல விலை சொன்னான். நல்ல விலை என்றால் மருதையனின் கை தானாக நீண்டுவிடும். சாயங்காலம் வேலைவிட்டு வந்த மகள் செங்கமலம், உத்திரத்தில் வெறும் கொக்கிகளைத்தான் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னாள். இவர் தெருவே கேட்க நூறு வார்த்தை சொன்னார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அதைச் சொல்லும்போதெல்லாம் மருதையனுக்கு மூச்சு வாங்கும்.

"கேட்டுக்கு வெளிய நின்னு அப்பான்னு கூப்பிட்டா சாமி. என் செருப்பு வாசப்படியிலதான் கிடந்தது. நான் உள்ள இருக்கேன்னு அவளுக்குத் தெரியாதா? கேட்டு பூட்டியா இருந்துச்சு? அவ வீடுதானே, தள்ளிக்கிட்டு வர வேண்டியதுதானே? இன்னொரு தடவை கூப்பிட்டா. கொஞ்ச நேரம் நின்னா. திரும்பிப் போயிட்டா. அவ்வளவு திமிரு."

அதற்குப் பிறகு மருதையன் ஒரு காரியம் செய்தார். ஊஞ்சலை வாங்கியவனைத் தேடிப் போனார். அவன் கேட்டதைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார். வாழ்நாளில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். அதே கொக்கியில் மாட்டினார். மனைவியின் பூக்கூடையை அதன்மேல் வைத்தார். மகள் அறையில் அவள் விட்டுப்போன சீப்பைக்கூட நகர்த்தவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தியை விட்டு ஊஞ்சலைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியும் பார்த்தார். பதில் இல்லை. சாப்பாட்டுக்கு ஓட்டல் பார்சல். ராத்திரியில் காற்றடித்தால் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிடும். எழுந்துபோய்ப் பார்ப்பார். காற்றுதான்.

"எல்லாம் இருந்த இடத்தில இருக்கு சாமி. அவ ஏன் வரலை?"

இதுதான் கேள்வி. மடத்தைக் கூட்டும்போது கேட்டார், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது கேட்டார். சாமி அடுத்த வேலையைக் காட்டினார். ஒரு நாள் காலையில், மலைக்கு மேலே ஓர் ஊர் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினார். மருதையன் பின்னாலேயே ஏறினார்.

அது யாரும் குடியில்லாத ஊர். பல வருஷத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கில் அணை வந்தபோது, அங்கே இருந்த மலைச் சனங்களைக் கிளப்பிவிட்டார்கள். தண்ணீர் ஏறும் முன்பு அவர்களுடைய வீடுகள் சிலவற்றைக் கழி கழியாகப் பிரித்து மேலே கொண்டுவந்து, மறுபடி நிறுத்தி, பக்கத்திலேயே அருங்காட்சியகமும் கட்டி, மரபுக் கிராமம் என்று பலகை வைத்துவிட்டார்கள்.

டிக்கெட் ஜன்னலில் மருதையன் ஆரம்பித்தார். வார நாள், மழை வேறு, ஈ காக்கை இல்லை, இதற்கு முழு டிக்கெட்டா என்று கேட்டார். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, வீடு வேண்டுமானால் பேரம் பேசுங்கள், டிக்கெட்டில் பேசாதீர்கள் என்று இரண்டைக் கிழித்து வைத்தார். சாமி முன்னால் போய்விட்டிருந்தார். வேறு வழியில்லாமல் மருதையன் பணத்தை வைத்தார்.

அருங்காட்சியகத்தில் தேன் எடுக்கும் கூடையும் தானியம் குத்தும் உலக்கையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. எங்கோ ஒலிபெருக்கியில் சேவல் கூவிற்று. சேவல் இல்லாத ஊரில் சேவல் சத்தமா என்று மருதையன் முணுமுணுத்தார். சாமி சுவரில் எழுதியிருந்ததை நிதானமாக, வாய்விட்டுப் படித்தார். இந்த மக்களின் வீடுகளுக்குக் கதவு கிடையாது. வருகிறவர் வெளியே நின்று கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் சொன்ன பிறகே நுழைய வேண்டும்.

"கதவே இல்லையா? இவங்க மத்தியில பொறந்திருந்தா நான் பட்டினிதான்" என்றார் மருதையன்.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. வீடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. மருதையன் தன் தொழில் கண்ணால் பார்த்தார். கழிகளில் எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், சரிதான், அப்படித்தான் பிரிக்க வேண்டும். ஆனால் நட்டவன் சில கழிகளைத் தலைகீழாக நட்டுவிட்டான். மண் பூச்சில் சிமெண்ட் கலந்திருக்கிறது. அடுப்பில் சாம்பலுக்கு அடியில் சிவப்பு பல்ப் எரிந்தது. ஒரு சிமெண்ட் பெண் சிமெண்ட் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சாமி எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, வரலாமா என்று மெல்லக் கேட்டார். சற்று நேரம் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

"சிமெண்ட் பொம்மையா சாமி பதில் சொல்லும்?"

"சொல்லலை. அதான் நிக்கிறேன்."

காசு கொடுத்தும் உள்ளே போகாத ஆளை மருதையன் இப்போதுதான் பார்க்கிறார். கோபம் முணுக்கென்று வந்தது. முட்டியும் வலித்தது. தூறல் கனத்ததும், சாமியை மரத்தடியில் விட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் கடைசி வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். செருப்பை மட்டும் வாசலில் கழற்றிவிட்டார். நிலையைப் பெயர்க்கப் போகும் வீட்டில்கூட அவர் செருப்போடு நுழைந்ததில்லை. பழக்கம்.

அந்த வீட்டில் பொம்மைகள் இல்லை. பாய் விரித்திருந்தது. மூலையில் பானை, அதன்மேல் கவிழ்த்த அகப்பை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. உட்காரக் கூடாது என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே மருதையன் பாயில் உட்கார்ந்தார். இங்கும் சிவப்பு பல்ப் எரிந்த அடுப்புக்குக் கையை நீட்டினார். சூடு இல்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது.

பெண் குரல். ஒரே சொல், கடைசியில் கொஞ்சம் இழுத்து. அவருக்குத் தெரியாத பாஷை. கூரை தாழ்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. வெடித்த குதிகால், நனைந்த சேலைக் கரை, பக்கத்தில் ஒரு ஒயர்கூடை.

காவலுக்கு இருப்பவளோ என்று முதலில் நினைத்தார். உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தாயிற்று, வாயைத் திறந்தால் வம்பு. காவல்காரியாக இருந்தால் இந்நேரம் உள்ளே வந்திருப்பாளே என்று அடுத்துத் தோன்றியது. அப்படியானால் தன்னைப்போல் டிக்கெட் வாங்கி வந்தவள். வருவதென்றால் வர வேண்டியதுதானே, யார் மறித்தது, நான் எதற்குப் பேச வேண்டும்?

மறுபடி கூப்பிட்டாள். முதல் தடவையைவிடத் தணிந்த குரலில்.

மருதையனின் தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை. ஊரைக் கூட்டும் அந்தத் தொண்டைக்கு என்ன வந்ததென்று அவருக்கே விளங்கவில்லை. மூச்சுவிட்டால் கேட்டுவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாதங்கள் அங்கேயே நின்றன. பிறகு ஒரு கை தாழ வந்தது. மழையில் நனைந்துகொண்டிருந்த அவருடைய செருப்புகளை எடுத்து, உதறி, கூரைக்கு அடியில் ஒதுக்கி வைத்தது. பாதங்கள் திரும்பின.

வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது பாதையில் யாரும் இல்லை. மரத்தடியில் சாமி மட்டும் நின்றிருந்தார். கீழே எங்கோ பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

யார் அந்தம்மா என்று மருதையன் விசாரித்தார். போகிற வழியில் மரத்தடியில் நின்று அவள் அரைகுறைத் தமிழில் சொன்னதைச் சாமி சொன்னார். அந்த வீட்டில் பிறந்தவளாம். ஊர் தண்ணீருக்குள் போனபோது சின்னப் பெண்ணாம். வீடு இங்கே நிற்கிறதென்று போன மாசம்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடியும் முன்பே கிளம்பி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். தன் அம்மா சமைத்த அடுப்பை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகலாம் என்று.

மருதையனுக்குச் சுர்ரென்று ஏறியது. யார்மேல் என்று தெரியவில்லை.

"அவங்க வீடுதானே சாமி? நேரா உள்ள வர வேண்டியதுதானே? பூட்டக் கதவுகூட இல்லையே!"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஆள் இல்லாத வீடா இருந்தா போயிருப்பேன், செருப்பு கிடக்குது, உள்ள ஆள் இருக்கு, இருந்தும் பேசலைன்னா எப்படி நுழையறதுன்னு சொன்னாங்க."

மருதையன் குனிந்து பார்த்தார். கூரைக்கு அடியில் செருப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வாசலைப் பார்த்து இருந்தன. காலை நீட்டினார். போடாமல் இழுத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் சேவல் கூவி ஓய்ந்தது.

அவருடைய குரல் அவ்வளவு தணிந்து சாமி கேட்டதில்லை.

"எனக்கு அவங்க பாஷை தெரியாதே, சாமி."

சாமி குடையை விரித்தார்.

"உங்க மக எந்தப் பாஷையில கூப்பிட்டா?"