இடது பக்கத்து ரப்பர்

டொக், டொக், டொக்.

சத்தம்தான் முதலில் வந்தது. பட்டனைக் கட்டைவிரலால் குத்துகிற சத்தம். குத்துகிற வேகத்திலேயே தெரிந்துவிடும், உள்ளே அது கேட்கவில்லை என்று.

பிறகுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோமதி வந்தார். வங்கியில் காசாளர். கையில் முப்பது வருஷத்துப் பழைய டிவி கேம் கன்ட்ரோலர். அதன் வயர் தரையில் இழுபட்டது.

"வலது பக்கம் போவ மாட்டேங்குது. பத்து நிமிஷத்துல ஃபைனல்."

தூத்துக்குடியில் ஒரு சமூகக்கூடம். பழைய வீடியோ கேம் போட்டி. மூலையில் ரிப்பேர் மேசை. குரு ரெஜினாவுக்கு இருபத்தாறு வயது. சீடர் பூவலிங்கத்துக்கு நாற்பத்தொன்பது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாலு மாதமாக அவளிடம் வேலை கற்கிறார். அழிரப்பரால் கேம் கேசட்டின் செப்புப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வேற கன்ட்ரோலர் தாறோம்மா."

"அடுத்தவ செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடச் சொல்லுதீங்களா?"

ரெஜினா திருப்புளியைப் பூவலிங்கம் பக்கம் தள்ளினாள்.

"நானா? போன வாரம் இதைத் துடைச்சு மூடினதே நான்தான் டீச்சர். அப்பவே கோட்டை விட்டிருக்கேன்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பூவலிங்கம் ஐந்து திருகுகளைக் கழற்றினார். ஒன்று உருண்டு மேசைக்கடியில் போனது. தேட நேரமில்லை. மைக்கில் கோமதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

அம்புக்குறி பட்டனுக்கு அடியில் ஒரே துண்டாகச் சதுர ரப்பர். திசைக்கு ஒன்றாக நாலு குமிழ். குமிழின் கரிப்பூச்சு உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் தொட்டால்தான் உத்தரவு போகும். வலது குமிழில் கரியே இல்லை.

"மாத்து ரப்பர் இருக்கா டீச்சர்?"

"இல்லண்ணே."

பூவலிங்கம் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? இந்த விரலுக்குத் தெரிஞ்சதெல்லாம் மூட்டைக் கொக்கிதான். இது ஓடலேன்னா நாளைக்கே ஹார்பருக்குத் திரும்பிருவேன். அம்பதைத் தொடப் போறேன். இனி இதெல்லாம் எனக்கு வருமா?"

ரெஜினா ரப்பரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இடது பக்கம் என்ன தெரியுது?"

விளக்கருகே கொண்டுபோனார். இடது குமிழ் மையிட்டது போல மினுங்கியது.

"யாரும் தொட்டதே இல்ல போல."

"எதுக்குத் தொடணும்?" என்றார் கோமதி. "இந்த ஆட்டத்துல முன்னாடி, வலது பக்கம் மட்டும்தான் ஓட்டம். பின்னாடி போனா திரை கூட வராது. சீக்கிரம்ணே."

பூவலிங்கம் ரப்பரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சதுரத்தை அரைவட்டம் திருப்பி வைத்தார். இடது குமிழ் வலது பக்கம் போய் உட்கார்ந்தது. நாலு திருகோடு மூடினார். சோதனை டிவியில் செருகி, வலது அம்பைத் தொட்டார். அழுத்தக்கூட இல்லை.

திரையில் குட்டி மனிதன் பறந்தான்.

கோமதி பிடுங்கிக்கொண்டு ஓடினார். பூவலிங்கத்துக்கு நிற்க முடியவில்லை. நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"பள்ளத்தைத் தாண்டிட்டா டீச்சர். அடுத்ததும் தாண்டிட்டா. என் ரப்பர் டீச்சர் அது."

"நாற்காலி வாடகைக்கு எடுத்தது. உடைச்சிராதீங்க."

கூடம் அதிர்ந்தது. கோமதி கன்ட்ரோலரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

பூவலிங்கம் மூச்சு வாங்க இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார்.

"ஆனா நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

ரெஜினா குனிந்து, காணாமல் போன திருகை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"அந்த இடது பக்கத்து ரப்பருக்கு என்ன வயசுண்ணே?"

"வலது பக்கத்துக்கு என்ன வயசோ அதேதான். தொடாம இருந்ததால புதுசா..."

பூவலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு அழிரப்பரை எடுத்து, பாதியில் விட்ட கேசட்டைத் தேய்க்கத் தொடங்கினார்.